கணக்குப்பிள்ளையைக் கட்டிக்கொண்ட இளவரசி

இறக்கை முளைத்த இளவரசனை டீச்சர் மாடத்தில் வழுக்கி விழ வைத்தாள்.

புத்தகத்தில் அப்படி இல்லை. புத்தகத்தில் அவன் நிலா வெளிச்சம் போல வந்து இறங்குகிறான். டீச்சர் படிக்கும்போதுதான் பாசியில் கால் வைத்து, இளவரசியின் கண்ணெதிரே மல்லாக்க விழுந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகினான்.

படித்துவிட்டு, மூக்குக்கண்ணாடிக்கு மேலாக வீட்டுக்காரரைப் பார்த்தாள்.

கண்ணை மூடிக் கட்டிலில் படுத்திருந்தார். மீசைகூட அசையவில்லை. பிடிவாதக்காரர்.

காலையிலிருந்து இப்படித்தான் அத்தியாயம் அத்தியாயமாகக் கெடுத்துக்கொண்டு வருகிறாள். அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. பொய் சொல்லாதே என்று ஒரு தடவை அவர் சண்டைக்கு வந்துவிட்டால் போதும்.

வராமல் எங்கே போவார்? துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய மனிதர். கீழே கப்பலெல்லாம் செருப்பு அளவில் தெரிகிற உயரத்தில், கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, சரக்குக்கும் சரக்குக்கும் நடுவே காதல் கதைகளாகப் படித்துத் தள்ளியவர். அதிலும் இறக்கை, மந்திரம், சாபம் என்று இருந்துவிட்டால் சோறு தண்ணீர் வேண்டாம். பார்வை மங்கிய பிறகு டீச்சர்தான் படித்துக் காட்டுகிறாள். காதலர்கள் பிரிகிற இடத்தில் அவர் அழுத துண்டைப் பிழிந்தால் ஒரு தோட்டமே பிழைக்கும்.

ஒரு நாள் கதாநாயகியின் பச்சைக் கண்ணை அவள் நீலம் என்று படித்துவிட, முந்தின அத்தியாயத்தில் கேட்டதை ஞாபகம் வைத்திருந்தவர், தலை நிறையச் சோப்பு நுரையோடு குளியலறையிலிருந்து ஓடி வந்து திருத்தினார். இடுப்பில் துண்டு இருந்ததா இல்லையா என்பது இன்றுவரை வழக்கில் இருக்கிறது.

டீச்சருக்கோ இந்தக் கதைகள் என்றாலே வேப்பங்காய். கணக்குப் பாடம் எடுத்த புத்தி. ஆறடி ஆளைத் தூக்குகிற இறக்கை இருபதடியாவது இருக்குமே, அதை வைத்துக்கொண்டு இவன் ஜன்னல் வழியாக எப்படி நுழைந்தான் என்று கேட்பாள். ஐந்நூறு வயதுக் கிழவனுக்குப் பத்தொன்பது வயதுப் பெண் கேட்கிறதா என்பாள். பிடித்திருக்கிறது என்று சொல்ல நானூறு பக்கமா, வாயில் என்ன பசையா தடவியிருக்கிறான் என்பாள்.

நாற்பது டன் சரக்கை என்றைக்காவது இறக்கியிருக்கிறாயா என்று அவர் திருப்பிக் கேட்பார். கடைசி ஒரு சாண் தூரம்தான் ரொம்ப மெதுவாக இறக்க வேண்டுமாம். அதைத் தடாலென்று போடுகிறவனுக்குக் கிரேனும் தெரியாது, காதலும் தெரியாதாம்.

அந்த வாய்தான் இப்போது திறக்க மாட்டேன் என்கிறது.

டீச்சர் பக்கத்தைப் புரட்டினாள். இளவரசனுக்கு இறகு கொட்டத் தொடங்கியது. அரண்மனை கோழிக் கடை வாசல் போல ஆனது. இளவரசி தும்மித் தும்மி மூக்குச் சிவந்தாள்.

மூச்சு மட்டும் வந்து போனது.

இத்தனை ஒழுங்காக அவர் ஜென்மத்தில் மூச்சு விட்டதில்லை. அவருடைய குறட்டை தாங்காமல் பக்கத்து வீட்டு நாய் எதிர் வீட்டுக்குக் குடிபோனது தெருவுக்கே தெரியும்.

டீச்சருக்குத் தொண்டை வறண்டது. தண்ணீர் குடிக்க எழுந்திருக்கவில்லை. அந்த நேரம் பார்த்து அவர் ஏதாவது சொல்லிவிட்டால்?

இளவரசி மனம் மாறினாள். இறக்கைக்காரன் வேண்டாம், அரண்மனைக் கணக்குப்பிள்ளையே போதும் என்றாள். தங்கமான மனிதர், தொந்தி கிடையாது, பென்ஷன் உண்டு. அன்றைக்கே கல்யாணம். இளவரசன் வாசலில் நின்று வந்தவர்களைக் கும்பிட்டு வரவேற்றான்.

இதைவிடப் பெரிய அநியாயம் அவளுக்குத் தோன்றவில்லை.

புத்தகத்தை மடியில் கவிழ்த்துவிட்டு அவர் காதருகே குனிந்தாள்.

"ஏங்க, கிரேன்காரரே, அவள கணக்குப்பிள்ளைக்குக் கட்டிக் குடுத்துட்டேன். இதுக்குக்கூட ஒண்ணும் சொல்ல மாட்டீங்களா?"

புருவம் நெளியவில்லை.

சரி, இளவரசனைக் கொன்றே விடலாம் என்று புத்தகத்தை எடுத்தாள். நாக்கு நுனி வரை வந்தது. அதை மட்டும் அவளால் படிக்க முடியவில்லை.

கதவு திறந்தது. மகன். அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டு வந்திருந்தான். அவனுக்குப் பின்னால் டாக்டரும் நர்சும், உள்ளே வராமல், வெளியே போகாமல், நிலைப்படியிலேயே நின்றார்கள்.

"அம்மா, எல்லாரும் அப்பாவ வந்து பாத்துட்டாங்க. நீ சரின்னு சொன்னா மெஷின நிறுத்திடுவாங்க."

டீச்சர் அந்த மூச்சைக் கேட்டாள். ஏறியது, நின்றது, இறங்கியது, ஏறியது. அது கட்டிலிலிருந்து வரவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த பெட்டியிலிருந்து வந்துகொண்டிருந்தது.

இந்த அத்தியாயம் முடியட்டும் என்று கையால் காட்டினாள்.

கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்து மாட்டிக்கொண்டாள். அத்தியாயத்தின் முதல் வரிக்குத் திரும்பினாள்.

இந்தத் தடவை அச்சில் இருந்ததைப் படித்தாள். ஓர் எழுத்தை மாற்றவில்லை. மகன் நிற்கிறானே என்றும் பார்க்கவில்லை. அங்கே போட்டிருந்த அத்தனை முத்தங்களையும், ஒன்று விடாமல், சத்தமாகப் படித்தாள்.