தத்துப்பிள்ளை

ராஜினாமாக் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் அவன் மேனேஜர் அறைக்குள் போனான். மூன்று வாரமாக அதே கடிதம். மடிப்பு கிழியத் தொடங்கியிருந்தது.

பார்சல் கம்பெனியில் ராத்திரி ஷிஃப்ட். கிழிந்தது, மழையில் ஊறியது என்று மெஷின் படிக்க முடியாத லேபிள்களை உற்றுப் பார்த்து, முகவரியை டைப் செய்ய வேண்டும். ஆறு வருடத்தில் ஏறியது கண்ணாடியின் பவர் மட்டும்தான்.

'தூங்கும்போதே சம்பாதியுங்கள்' என்று ஒரு வீடியோ சொன்னது. அதை நம்பி, தூங்க வேண்டிய பகலெல்லாம் விழித்திருந்து புரோகிராமிங் கற்றான். நாலு மாதத்தில் 'பாட்' என்ற தானியங்கிப் புரோகிராம் ஒன்று தயாரானது. ஆன்லைனில் யார் எந்த வேலைக்கு ஆள் தேடினாலும், 'பாதிக் கூலிக்குச் செய்கிறேன்' என்று அவன் வைத்த கம்பெனிப் பெயரில் அதுவே விண்ணப்பம் போட்டுவிடும்.

"பெத்த பிள்ளைக்கு ஹோம்வொர்க் சொல்லித்தர நேரமில்ல, தத்துப்பிள்ளைக்கு மட்டும் நாள் பூரா பாடம்" என்பாள் மனைவி, லேப்டாப்பைக் காட்டி. முந்நூற்றுப் பதினாறு விண்ணப்பம் போயிருந்தது. ஒருவரும் சீந்தவில்லை. முதல் வேலை கிடைத்ததும் கடிதத்தை மேனேஜர் முகத்தில் எறிவதாகத் திட்டம்.

"உட்காருப்பா" என்றார் மேனேஜர். ஆறு வருடத்தில் முதல் முறை. அவன் நாற்காலி நுனியில் உட்கார்ந்தான்.

"லேபிள் வேலைய வெளிய குடுத்துடச் சொல்லிட்டாங்க. உனக்கு இன்னையோட கடைசி. கவலப்படாத, நாங்களா அனுப்பறதால மூணு மாசச் சம்பளம் உண்டு."

விடத் தயாராக இருந்த வேலைதான். பிடுங்கும்போது வலித்தது.

"வேற எவன் சார் வருவான் இந்த வேலைக்கு?"

"வந்துட்டானே. விளம்பரம் போட்டுட்டு டீய எடுத்து வாயில வைக்கல, பதில் வந்துருச்சு. உன்ன ஒரு கேள்வி கேட்டா, நீ டீ குடிச்சு முடிச்சுட்டுதான் பதில் சொல்லுவ."

"சம்பளம்?"

"உனக்குக் குடுக்கறதுல பாதி."

"பாதிக்கா? சூடு சொரணை இல்லாத ஜென்மம் சார். இவனுங்களாலதான் உழைக்கிறவன் வயித்துல அடி விழுது. நாசமாப் போவான்."

"சாபத்தை வெளிய போய் விடு." மேனேஜர் ஒற்றை விரலால் கம்ப்யூட்டரில் ஒரு பட்டனை அமுக்கினார். "வேலை அவனுக்குத்தான். முடிஞ்சுது."

வராந்தாவைக் கடக்கும்போது போன் அடித்தது. மனைவி.

"என்னங்க, தத்துப்பிள்ளைக்கு வேலை கிடைச்சிருச்சு. இப்பதான் லேப்டாப்புல வந்துச்சு. இருங்க, கண்ணாடி போட்டுட்டு முழுசாப் படிக்கறேன்."

அவனுக்குக் கால் தரையில் பாவவில்லை. போனைக் காதில் வைத்தபடியே திரும்ப நடந்து, கதவைத் தட்டாமல் திறந்து, கடிதத்தை மேஜை மேல் எறிந்தான்.

"நீங்க என்ன சார் என்னை அனுப்பறது? நானே போறேன்."

மேனேஜர் கடிதத்தை இரண்டு முறை படித்தார். "நீயாப் போனா அந்த மூணு மாசம் கிடையாதுப்பா."

"உங்க பிச்சை யாருக்கு சார் வேணும்? எனக்காக ஒருத்தன் சம்பாதிக்க ஆரம்பிச்சுட்டான்."

அவன் மனம் மாறுவதற்குள் மேனேஜர் கையெழுத்துப் போட்டார். அவருக்கும் கேட்கட்டும் என்று அவன் போனை ஸ்பீக்கரில் போட்டான்.

"என்ன வேலைன்னு கொஞ்சம் சத்தமாச் சொல்லு."

"ஏதோ பார்சல் கம்பெனியாம், கிழிஞ்ச லேபிளைப் பார்த்து அட்ரஸ் டைப் பண்ணணுமாம்" என்றாள் மனைவி. "ராத்திரி வேலைதான், உங்களுக்குப் பழக்கமாச்சே."