வண்டு குடிவந்த நாற்காலி

பழம்பொருள் கடையில், போன மாசம் செய்த நாற்காலி ஒன்று, 'நூறு வருஷத்துப் பழசு' என்ற அட்டையோடு நின்றது. டீத்தண்ணி பூசி, சங்கிலியால் அடித்து, பூச்சி அரித்த மாதிரி டிரில் மெஷினால் ஓட்டைகளும் போட்டிருந்தார்கள்.

மரம் துளைக்கும் நிஜ வண்டு ஒன்று அந்த ஓட்டைக்குள் எட்டிப் பார்த்துச் சிரித்தது. "இது எங்க ஆளுங்க வேலையில்லையே தம்பி! எங்களுக்கு இவ்வளவு நேராப் போகத் தெரியாதே!"

"ஐயோ, மெதுவாப் பேசுங்கண்ணே! நாளைக்கு ஒரு அம்மா பார்க்க வர்றாங்க. அதுவரைக்கும் உள்ளே வந்து கொஞ்சம் குடையுங்களேன்" என்று நாற்காலி கெஞ்சியது.

மறுநாள் வந்த வத்சலா நாற்காலியைத் தட்டிப் பார்த்தாள். பொலபொலவென்று மரத்தூள் உதிர்ந்தது. "அடடா, அசல் பழசு!" என்று பூரித்துப்போய் வாங்கி, வீட்டுக் கூடத்தில் நடுநாயகமாக வைத்தாள்.

"ரொம்ப உபகாரம்ணே. இனிமே நீங்க கிளம்பலாம்" என்றது நாற்காலி.

"எங்கே கிளம்புறது? பொண்டாட்டி பிள்ளைங்களும் வந்தாச்சு" என்றது வண்டு, வாய் நிறைய மரத்தோடு. "நீ பொய் சொன்னேன்னு நாளைக்கு யாரும் பேச விடுவோமா தம்பி? ஆறே மாசத்துல உன்னை நிஜமாவே பழசாக்கிடறோம்."