நீலக் கொம்பு

டாக்டர் அனந்தகிருஷ்ணனின் உள்ளங்கை முழுக்கச் சிவப்பாக இருந்தது. ரத்தம் என்று நினைத்துப் பேண்டில் துடைத்துப் பார்த்தார், காயம் எதுவும் இல்லை. முதல் அடியில் தடுமாறியபோது பக்கத்தில் நின்ற எருமையின் கொம்பைப் பிடித்திருந்தார். அதன் சாயம் வியர்வையில் ஒட்டிக்கொண்டிருந்தது.

ரத்தம் அடுத்த அடியில் வந்தது. கணேசபாண்டியன் பால் கேனின் மூடியால் அவர் நெற்றியில் ஓங்கி அடித்தான். செம்பூரில் அவன் வைத்திருந்த தபேலா என்கிற எருமைக் கொட்டகையின் சாணியிலும் மூத்திரத்திலும் டாக்டர் குப்புற விழுந்தார்.

"பொங்கலுக்கு ஊருக்குப் போயிட்டு நேத்து வந்து எறங்குதேன், பத்து உருப்படி செத்துக் கெடக்கு. நீ போட்ட ஊசிதாம்ல கொன்னுச்சு."

"அந்த ஊசி நோயைக் குடுக்காது. சொன்னாக் கேளுங்கோ."

கேட்கிற நிலையில் அங்கே யாரும் இல்லை. ஆனால் அவர் சொன்னது பொய்யில்லை. மாடுகளை மந்தையோடு கொல்லும் வெக்கை நோய் வைரஸின் மரபணுவில் ஒரே ஒரு துண்டை வெட்டியெடுத்து, சாதுவான மாட்டம்மை வைரஸுக்குள் ஒட்டியிருந்தார். திருடனுடைய சட்டையைக் காவல் நாய்க்கு மோப்பம் காட்டிப் பழக்குவது மாதிரி. நிஜமான வெக்கை வரும்போது மாட்டின் உடம்பே அதை அடையாளம் கண்டு விரட்டும். ஆறு வருஷம் ஆய்வுக்கூடமே கதியென்று கிடந்து செய்த மருந்து அது.

டிசம்பரில் இங்கிருந்த இருபது எருமைகளில் பத்துக்கு முதலில் ஊசி போட்டார். காதில் ஓட்டை போட்டு எண் மாட்டக் கணேசபாண்டியன் விடவில்லை, பால் வற்றிவிடுமாம். அதனால் கிங்ஸ் சர்க்கிளில் எனாமல் பெயிண்ட் வாங்கிவந்து, ஊசி போட்டதற்கு நீலக் கொம்பு, போடாததற்குச் சிவப்புக் கொம்பு என்று தன் கையாலேயே பூசிவிட்டுப் போனார். எத்தனை மழையில் நனைந்தாலும் இது போகாது என்று கடைக்காரர் சொல்லியிருந்தார்.

எண்பத்தொன்பது ஜனவரிக் கடைசியில் குர்லா பக்கமிருந்து வெக்கை வந்தது. இப்போது நீலக் கொம்பு பத்தும் வாயெல்லாம் புண்ணாகி, ரத்தமாகக் கழிந்து, கால் விறைத்துக் கிடந்தன. சிவப்புக் கொம்பு பத்தும் அசைபோட்டுக்கொண்டு நின்றன.

டாக்டர் கொண்டுவந்த ஐஸ் பெட்டியில் பக்கத்துத் தபேலாக்களின் எண்பது எருமைகளுக்கான மருந்து இருந்தது. நாளையோ மறுநாளோ வெக்கை அங்கேயும் நுழைந்துவிடும். மறுபடி இவ்வளவு மருந்து செய்ய மூன்று மாதம் ஆகும். அந்த எருமைகளின் சொந்தக்காரர்கள் கையில் தடியோடு வாசலை அடைத்து நின்றார்கள்.

"மாரோ ஸாலே கோ" என்றது ஒரு குரல். விலாவில் ஒரு தடி இறங்கியது, இன்னொன்று முழங்காலில்.

கணேசபாண்டியன் அவர் தலைமுடியைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துப்போய், செத்த எருமை ஒன்றின் முகத்தோடு முகத்தை அழுத்தினான்.

"கொம்பு என்ன கலரு?"

"நீலம்."

"அந்தா நிக்குல்லா, அது?"

"சிவப்பு."

"ஊசி போடாதது நிக்கு. போட்டது செத்துச்சு. நீ படிச்சவம்லா, நீயே சொல்லு."

டாக்டர் எத்தனையோ கூட்டங்களில் பெரிய பெரிய நிபுணர்களின் வாயை அடைத்தவர்தான். எருமைக்காரன் கேட்ட இந்த ஒரு கேள்வியில் மட்டும் ஓட்டையே இல்லை. இத்தனை உயிரையும் நாம்தான் கொன்றோம் என்று நினைத்தபோது, வாங்கிய அடியைவிட அது வலித்தது.

கையை ஊன்றித் தானாகவே எழுந்தார். ஒருத்தன் கையிலிருந்த இரும்புக் குழாயை வாங்கிக்கொண்டார். அவரிடம் அதை ஏன் கொடுத்தோம் என்று அவனுக்கே புரியவில்லை.

ஐஸ் பெட்டியின் மேல் முதல் அடி விழுந்தது. பெட்டி பிளந்து குப்பிகள் தரையில் உருண்டன. பைத்தியம் பிடித்தவர்போல் ஒன்று விடாமல் அடித்து நொறுக்கினார், மிச்சத்தை ஷூ காலால் மிதித்தார். கண்ணாடிச் சில்லு தெறித்துக் கன்னத்தைக் கிழித்ததும் அவருக்குத் தெரியவில்லை. கடைசியில் மூலையில் இருந்த ஃபினாயில் டின்னை எடுத்து எல்லாவற்றின் மேலும் கவிழ்த்தார்.

"இனிமே யாரோட மாட்டுக்கும் போட மாட்டேன். போங்கோ."

தடிகள் தாழ்ந்தன. கணேசபாண்டியன் மட்டும் இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான்.

தபேலாவில் மாடுகளைப் பார்த்துக்கொள்ளும் சொரிமுத்து, செத்ததுகளை ஏற்றிப்போக லாரி பேசிவிட்டு அப்போதுதான் உள்ளே வந்தான். பொங்கலுக்கு முதலாளி ஊருக்குப் போனபோது இருபதையும் தனியாகப் பார்த்துக்கொண்டவன் அவன்தான். செத்த எருமை ஒன்றின் பக்கத்தில் உட்கார்ந்து, அதன் நீலக் கொம்பைத் தடவித் தடவி அழுதான்.

"அன்னைக்கே இதுகளுக்கும் அந்த ஊசியைப் போட்டிருக்கலாமே சார்."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "இதுகளுக்குத்தானே போட்டேன். கொம்பு நீலமா இருக்கே."

சொரிமுத்து தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"அது மாட்டுப் பொங்கலுக்கு நான் சாயப்பொடி கரைச்சு அடிச்சது சார். இருந்த கலரையே திரும்ப அடிக்கப்பிடாதுல்லா, அதான் நீலத்துக்குச் செவப்பு, செவப்புக்கு நீலம்."