அலுமாரிக்குள் ஒரு விசிறி

டிரைவரை மறுபடியும் அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றினான் சுந்தரலிங்கம். திரையும் மறுபடியும் அதையே சொன்னது: இணைப்பு இல்லை.

கண்டிக்குப் பக்கத்தில், கெலிஓயாவில் மஹ்மூத் ஹாஜியாரின் இரும்புக் கடை. முன்னால் பில் போடும் புதுக் கம்ப்யூட்டர். பின்னறையில், சரக்குக் கணக்கு முழுவதையும் வயிற்றில் வைத்திருக்கும் பழைய கம்ப்யூட்டர். இரண்டையும் பேசவைக்கும் சின்ன மென்பொருள்தான் டிரைவர். இன்றைக்குள் அவை பேசாவிட்டால் நாளைக்கு வேலைக்கு வரவேண்டாம் என்று அவனுடைய கண்டிக் கம்பனியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

வேலை போனால் கம்பனிக் கடிதமும் போகும். அந்தக் கடிதம் இல்லாத யாழ்ப்பாணத்துப் பெடியனுக்கு அம்பிட்டியவில் அறை கொடுக்க ஆள் கிடையாது. ஆமிக்காரர் மறிக்கும் செக்பொயின்ரில் வழி விடவும் ஆள் கிடையாது.

பெயரைச் சரிபார்த்தான். பாஸ்வேர்டைச் சரிபார்த்தான். பின்னறைக்குப் போய் இரும்பு அலுமாரியில் காதை வைத்துக் கேட்டான். பழைய கம்ப்யூட்டரைத் தூசு படாமல் அதற்குள்தான் பூட்டி, முதுகில் துளை போட்டு வயர் எடுத்திருந்தார்கள். உள்ளே விர்ரென்று சத்தம்.

ஓடத்தான் செய்கிறது.

"அதுங்க ரெண்டுக்கும் என்ன கோவம் தம்பி? நான் நடுவில நின்டு பேசிப் பாக்கவா?" ஹாஜியார், தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் போட்டு அவித்த வட்டிலப்பச் சட்டியும் கரண்டியுமாக வந்து நின்றார். "முதல்ல அந்த பேக்கைக் கீழ வைங்க. புள்ளய மடியில வெச்சிட்டா வேல செய்றது?"

"பரவாயில்லை ஹாஜியார்." பை மடியிலேயே இருந்தது.

டெலிபோன் அடித்தது. ஹாஜியாரின் மனைவி உம்மு குல்சும். குரல் கடை முழுக்கக் கேட்டது.

"இன்டைக்கிப் பெட்டியக் கொண்டு போகல்லயா? கட்டிலுக்குக் கீழ கெடக்கே."

கரண்டி அந்தரத்தில் நின்றது.

ஹாஜியார் அலுமாரியைத் திறந்தார். கம்ப்யூட்டர் சூடாகாமல் இருக்க அவர் பூட்டிய குட்டி விசிறி, வெறும் அலுமாரித் தட்டுக்கு விசிறிக்கொண்டிருந்தது.

பழைய கடை கலவரத்தில் எரிந்ததிலிருந்து கணக்குப் பெட்டி, அந்தப் பழைய கம்ப்யூட்டர், கடையில் தூங்குவதில்லை. கடை சாத்தும்போது வேனின் முன் சீட்டில் ஏறி வீட்டுக்குப் போகும். காலையில் திரும்பி வரும். இன்று அந்தச் சீட்டில், கம்ப்யூட்டர் தம்பிக்கென்று வட்டிலப்பம் ஏறிவிட்டது.

வேன் போய்ப் பெட்டியோடு வந்தது. சுந்தரலிங்கம் வயரைச் செருகினான். ஒரே தட்டு. இரண்டும் பேசின.

முதல் பில்லைக் கிழித்துப் பார்த்த ஹாஜியார் காதுவரை சிரித்தார். பிறகு குரலைத் தணித்தார்.

"கம்பனியில சொல்லிடாதீங்க தம்பி. பைத்தியக்காரன்னு நெனப்பாங்க."

"நான் நினைக்கயில்லை ஹாஜியார்."

டிரைவர் டிஸ்க்கை உள்ளே வைக்கப் பையைத் திறந்தான். இரவில் உடுத்த மடித்துவைத்த சாரம், துவாய், பல் பிரஷ், ஒரு துண்டுச் சவர்க்காரம்.

ஹாஜியார் எட்டிப் பார்த்தார். "எங்க பயணம்?"

"ஒரு இடமுமில்லை. வழியில மறிச்சால் சில நேரம் உடன விடமாட்டினம். அதுதான், ஒவ்வொரு நாளும்..."

ஹாஜியார் அலுமாரியைப் பார்த்தார். பையைப் பார்த்தார். மிச்ச வட்டிலப்பத்தைச் சட்டியோடு மூடி, சாரத்துக்கு மேலே பக்குவமாக வைத்தார்.

"மறிக்காட்டி அறையில போய்ச் சாப்பிடுங்க. மறிச்சா, அவங்களுக்கும் ஒரு கரண்டி குடுங்க. சட்டிய மட்டும் நாளைக்கிக் கொண்டு வந்துடணும்."