மெஷின் நன்றாகத்தான் இருக்கிறது

ஸ்கேன் அறையைத் திறந்ததும் டெக்னீஷியன் முதலில் தன் கழுத்தில்தான் மெஷினின் ப்ரோபை வைத்துப் பார்ப்பாள். ரத்தம் ஓடும் ஓசை கேட்டால் மெஷின் தயார். இன்று திரையில் தமனி தெரிந்தது. அதன் சுவரில் வழக்கமான சின்னக் கொழுப்புப் படிவும் தெரிந்தது. ரத்த ஓட்டம் மட்டும் இல்லை.

"மெஷின் படுத்துடுச்சு போல."

பக்கத்தில் நின்ற நர்ஸ் ப்ரோபை வாங்கித் தன் கழுத்தில் வைத்தாள். உஸ், உஸ் என்ற ஓசை அறையை நிறைத்தது.

"நல்லாத்தானேக்கா இருக்கு? உங்க உடம்புலதான் ரத்தமே இல்ல!"

சிரித்துக்கொண்டே டெக்னீஷியனின் கழுத்தில் வைத்தாள். இரண்டு பக்கமும் ஓசை இல்லை. சிரிப்பு நின்றது. டெக்னீஷியனின் மணிக்கட்டில் நாடி பிடித்துப் பார்த்தாள்.

"என்னடி முழிக்கிற? வெளிய ஆளுங்க காத்திருக்காங்க, கூப்பிடு."

நர்ஸ் கூப்பிடவில்லை. அந்த மணிக்கட்டில் விரலை இடம் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டே இருந்தாள்.