ஸ்பீக்கர் சிலந்தியின் பாட்டு

ஒரு பழைய ரெக்கார்டு பிளேயர். அதன் ஸ்பீக்கருக்குள் ஒரு சிலந்தி குடியிருந்தது. மாடி வீட்டிலிருந்து ஒரு பல்லி இறங்கி வந்த நாள் முதல் இரண்டுக்கும் ஓயாத சண்டை. எல்லாம் வீட்டுக்காரர் சாயங்காலமானால் போடுகிற ஒரே ராக் பாட்டைப் பற்றித்தான்.

“மாடியிலும் இதே பாட்டுதான். அங்கே என்ன வேகம் தெரியுமா? இங்கே டிரம்காரன் தூங்கி வழிகிறான்” என்றது பல்லி.

“அவன் தூங்கவில்லை, யோசித்து அடிக்கிறான். கிட்டார்காரன் கம்பியைத் தடவிக் கொடுத்து வாசிக்கிறான். உனக்குக் கேட்கத் தெரியவில்லை” என்றது சிலந்தி. ஒவ்வொரு டிரம் அடிக்கும் அதன் வலை மெல்ல ஆடும். பிறந்ததிலிருந்து அது தூங்கியது அந்த ஆட்டத்தில்தான்.

ஒருநாள் வீட்டுக்காரர் பிளேயரைத் திறந்து, இசைத்தட்டைச் சுற்றவைக்கிற, தளர்ந்துபோன ரப்பர் பெல்ட்டைக் கழற்றிவிட்டுப் புதிது மாட்டினார். பாட்டு பிய்த்துக்கொண்டு ஓடியது.

“பார்த்தாயா, நான் அப்போதே சொன்னேன்” என்று பல்லி திரும்பியது. வலை படபடவென்று உதறிக்கொண்டிருந்தது. சிலந்தி கால்களை மடக்கிக்கொண்டு மூலையில் ஒடுங்கியிருந்தது.

“இது வேறு யாரோ வாசிக்கிற பாட்டு” என்றது.

பல்லிக்கு ஜெயித்த மாதிரியே இல்லை.

மறுநாள் பாட்டு தொடங்கியதும் அது சத்தமில்லாமல் பிளேயருக்குப் பின்னால் போய், சுற்றுகிற தட்டின் விளிம்பில் வாலை அழுத்தி வைத்துக்கொண்டது. வால் காந்தியது. பாட்டு மெல்ல இழுத்தது. வலை பழையபடி ஆடியது.

“கேட்டாயா? அவர்களே திரும்பி வந்துவிட்டார்கள்” என்றது சிலந்தி, தூக்கக் கலக்கத்தில்.

“ஆமாம், நீ சொன்னதுதான் சரி” என்றது பல்லி, வாலை எடுக்காமல்.