கார்டு சாரின் அரை மணி நேரம்

"அந்த ஆளுக்கு வியாதியே கிடையாது. வாய்தான்" என்றாள் தன் முறைக்காகக் காத்திருந்த லோகநாயகி.

தாம்பரத்தில் மனநல டாக்டர் ஜெபசீலனின் கிளினிக். போர்டில் 'நரம்பு டாக்டர்' என்றுதான் இருக்கும். மனநலம் என்று போட்டால் ஈ, காக்கை வராது.

உள்ளே ரிட்டயரான ரயில்வே கார்டு யக்ஞநாராயணன் அரை மணியாகப் பேசிக்கொண்டிருந்தார்.

"வெள்ளிக்கிழமைன்னா இப்படித்தாம்மா" என்றாள் நர்ஸ் தபீதாள். "பேச்சு சத்தம் நின்னாதான் அடுத்த ஆளை அனுப்பணும். டாக்டர் ஆர்டர்."

"இவர் முடிக்கறதுக்குள்ள பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையே முடிஞ்சிடும் போலிருக்கே."

பொறுக்க முடியாமல் லோகநாயகி திரையை விலக்கிப் பார்த்தாள். டாக்டர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். எதிரே கார்டு, "மாம்பலம்... சைதாப்பேட்டை... கிண்டி..." என்று ஒப்பித்துக்கொண்டிருந்தார்.

கார்டு வெளியே வந்ததும் அவரைப் பிடித்துக்கொண்டாள். "பீஸ் வாங்கிட்டுத் தூங்கறார். நீங்களும் எழுப்பாம பாட்டு பாடறீங்களே சார்?"

"மெதுவாப் பேசுங்கோம்மா" என்றார் அவர் ரகசியமாக. "பகலெல்லாம் பெரிய ஆஸ்பத்திரி, சாயங்காலம் இங்கே. ஊர் அழுகையெல்லாம் கேட்டுக் கேட்டு மனுஷர் ஓஞ்சு போயிட்டார். எனக்கு எப்பவோ குணமாயிடுத்து. அவர் கொஞ்சம் கண்ணசரட்டுமேன்னுதான் வரேன். சத்தம் நின்னா தபீதாள் அடுத்தவாளை அனுப்பிடுவா. அதான் ஸ்டேஷன் பேரெல்லாம்."

லோகநாயகிக்கு என்னவோ போலாகிவிட்டது. உள்ளே போய், "நீங்க இன்னும் கொஞ்சம் தூங்குங்க டாக்டர். கார்டு சார் எல்லாம் சொன்னார்" என்றாள்.

ஜெபசீலன் சிரித்தார். "அந்தச் சத்தத்துல யாரால தூங்க முடியும்? ரிட்டயரானதிலேருந்து அவருக்கு ராத்திரி தூக்கமே இல்லை. எந்த மாத்திரைக்கும் கேக்கலை. ஒரு நாள் அவர் முன்னால நிஜமாவே அசந்துட்டேன். எழுப்பாம காவல் இருந்தார். அன்னிக்கு ராத்திரி நல்லாத் தூங்கினாராம். அதிலேருந்து வாரா வாரம் தூங்கற மாதிரி நடிக்கிறேன். அவர்கிட்ட சொல்லிடாதீங்க."

"அப்ப உங்களுக்கு யார் வைத்தியம் பார்க்கறது டாக்டர்?"

"அதுக்கெல்லாம் நேரமில்லைம்மா. உங்களுக்கு என்ன தொந்தரவு, சொல்லுங்க."

"கோபம் டாக்டர். எதுக்கெடுத்தாலும் மூக்குக்கு மேல வருது" என்று ஆரம்பித்தாள். மாமியாரை முடித்து நாத்தனாருக்கு வருவதற்குள் டாக்டரின் பேனா கீழே விழுந்தது. தலை தொங்கிவிட்டது. மெல்லிய குறட்டை. இது நடிப்பில்லை.

லோகநாயகிக்கு வழக்கம்போல் சுர்ரென்று ஏறியது. நாலு வார்த்தை கேட்கத்தான் வாயைத் திறந்தாள்.

வெளியே தபீதாளின் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

லோகநாயகி அவசரமாகத் திரைப் பக்கம் திரும்பி உரக்கச் சொன்னாள்:

"தாம்பரம்... சானடோரியம்... குரோம்பேட்டை... பல்லாவரம்..."